தாள் வராத நாட்களில் செய்தி

சோவியத் யூனியனில் பிறநாட்டுப் பத்திரிகைகள் அறவே இல்லாமலில்லை. மொஸ்கோவின் பத்திரிகைக் கடைகளில் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியின் 'லுமானித்தே' விற்கப்பட்டது. மற்ற மேல்நாட்டு ஏடுகள் நூலகங்களின் தனிப்பிரிவில் கிடந்தன. அனுமதி பெற்றவர்களே அவற்றைத் தொடலாம். ஆகவே மக்கள் இரவில் சிற்றலை வானொலிக்குக் காதுகொடுத்தார்கள். அரசு இரைச்சலை ஒலிபரப்பி அதையும் குழப்பிற்று. பிபிசியின் ரஷ்ய ஒலிபரப்பைக் குழப்புவது 1987இல்தான் நின்றது.

வன்னியில் நாம் பட்டதும் இதற்குத் தூரமானதல்ல. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வந்த பொருளாதாரத் தடையில் யூரியாவோடும் எரிபொருளோடும் பற்றரியும் அகப்பட்டது. அச்சுத்தாளுக்கும் அதே கதி. யாழ்ப்பாணத்தில் 'உதயன்' பள்ளிப்பிள்ளைகளின் கொப்பித் தாளிலும் அச்சாகியது. கொழும்புப் பத்திரிகை வவுனியா தாண்டி வந்தால் பல நாள் பிந்தியே வரும். சீனி சுற்றி வந்த துண்டையும் விரித்துப் படித்தோம். 1998 ஜூனில் போர்ச்செய்திகளுக்குத் தணிக்கை வந்தபின் அந்தத் தாளிலும் நமக்கு வேண்டியது இருக்கவில்லை. வன்னியில் அச்சான 'ஈழநாதம்' இயக்கத்தின் பார்வையைச் சொன்னது. இருபக்கமும் கேட்க விரும்பியவருக்கு வானொலியே கதி.

அதற்குத்தான் சைக்கிள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை ரயரில் அழுத்தி, ஒருவர் கையால் பெடலைச் சுற்றுவார். டைனமோவில் வருவது மாறோட்டம். வானொலிக்கு நேரோட்டம் வேண்டும். அதனால் இடையில் டயோட் வைப்பார்கள். சுற்றுபவர் களைத்தால் குரலும் தளரும். முக்கியமான வசனத்தில் பெடல் நின்றுவிட்டால் பையனுக்கு ஏச்சு விழும்! பழைய பற்றரியை வெயிலில் காயவைத்தும், துளையிட்டு உப்புநீர் விட்டும் இன்னும் சில நிமிடம் பிழிந்தெடுத்தோரும் உண்டு.

பிபிசி தமிழோசையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ்ப்பணியும் மரநிழல் கொட்டில்களில் இப்படித்தான் கேட்டன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தைவிட்டுப் புறப்பட்டு, பின்னர் கிளாலி கடந்து வந்த குடும்பங்களுக்கு அது பொழுதுபோக்கல்ல. 1997 மே மாதத்தில் 'ஜயசிக்குறு' நடவடிக்கை தொடங்கியபின், விதைப்பதா, மூட்டையைக் கட்டுவதா என்பதை அந்தச் செய்தியை வைத்தே பலர் தீர்மானித்தார்கள். தவறாகக் கேட்டு விதைநெல்லை விட்டுவந்தவர்களையும் நாம் அறிவோம்.

2002இல் தடை நீங்கி ஏ-9 வீதி திறந்தது. அன்றன்றைய 'வீரகேசரி' கிளிநொச்சிக் கடையில் தொங்கியபோது, எங்கள் முதியவர்கள் முதலில் பார்த்தது தலைப்பையல்ல, திகதியை.