பொறுமையும் உரிமையும்

ஒரு மாலைப்பொழுதில் என் பழைய மாணவி ஒருத்தி வீடு தேடி வந்தாள். கொழும்பிலே ஒரு தனியார் கந்தோரிற் கணக்கெழுதுபவள். சுகநலங்களை விசாரித்த பின்னரும் அவள் முகத்திலே தெளிவில்லை. மேலதிகாரி தனிமையிலே பேசும் பேச்சுக்களையும் நடந்துகொள்ளும் விதத்தையும் பாதி சொல்லியும் பாதி சொல்லாமலும் கூறினாள். “வேலையை விட்டுவிடட்டோ, சேர்?” என்று கேட்டாள்.

“கொஞ்சம் பொறுத்திரு, பிள்ளை” என்றேன். முப்பது ஆண்டுகள் நீதி நூல்களைப் படிப்பித்தவன் சொன்ன விடை இது! அவள் படலையைத் தாண்டியதும் என் சொல்லே என்னைச் சுட்டது. சட்டம் என்ன சொல்கின்றதென்று தேடத் தொடங்கினேன்.

நமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறந்த இடம் என்பன காரணமாக எந்தப் பிரசைக்கும் ஓரவஞ்சனை செய்தலாகாது என விதிக்கின்றது. மீறப்பட்டால் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால், 126ஆம் உறுப்புரை தரும் இந்தப் பரிகாரம் அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிரானதே. தனியார் கந்தோரின் வாசலில் அது நின்றுவிடுகின்றது. அரசாங்க உத்தியோகத்தர் தட்டக்கூடிய கதவு என் மாணவிக்கு இல்லை.

எனினும் வேறொரு கதவு உண்டு. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியது. கைபட வேண்டும் என்பதில்லை. வேலைத்தலத்தில் அதிகாரமுடையவர் சொல்லாலோ செயலாலோ விருப்பமில்லாதவரை அவ்வாறு நெருங்குதலே குற்றம். 5 ஆண்டுவரை சிறையோ, குற்றப்பணமோ, இரண்டுமோ விதிக்கலாம். அரசாங்கம், தனியார் என்ற பேதம் இங்கில்லை.

ஆயினும் மூடிய அறையிலே நடந்ததற்குச் சாட்சி யார்? இந்தியாவிலே, ராஜஸ்தானில் கடமையின் பொருட்டுக் கொடுமைக்காளான பன்வாரி தேவியின் வழக்கையொட்டி எழுந்த விசாகா மனுவிலே, 1997இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது: வேலைத்தலங்களில் பெண்ணொருத்தியின் தலைமையில், பாதிக்குக் குறையாத பெண் அங்கத்தவரோடு முறைப்பாட்டுக் குழு அமைய வேண்டும். 2013இல் அது சட்டமாயிற்று. சர்வதேசத் தொழில் தாபனமும் 2019இல் 190ஆம் சமவாயத்தை நிறைவேற்றி, வன்முறையும் தொந்தரவுமற்ற தொழிலுலகம் எல்லோர்க்கும் உரியதென அங்கீகரித்தது.

மாணவிக்குக் கடிதம் எழுதினேன்: “பொறுத்திரு என்றது என் பிழை. நடந்தவற்றைத் திகதியிட்டு எழுதிவை; நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவை; ஒரு சட்டத்தரணியைக் கண்டு பேசு.” சில நாட்களில் ஒரே வரியிற் பதில் வந்தது: “எழுதத் தொடங்கிவிட்டேன், சேர்.”

பொறுமையைப் போற்றப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். எதைப் பொறுக்கலாகாது என்பதையும் கற்பிக்கும் கடன் ஆசிரியராகிய நமக்கே உண்டு.