அடம்பங்கொடியும் வத்தாளைக்கொடியும்

மன்னார்த் தீவின் கடற்கரையிலே மாலைப்பொழுதில் உலாவுவோர் அடம்பங்கொடியைக் காணாது மீள்வதில்லை. சங்கச் சான்றோர் நெய்தற்றிணைச் செய்யுள்களில் 'அடும்பு' என வழங்கிய கொடி இதுவே. கானல் மணலைக் காற்று வாரிக்கொண்டு போகாவண்ணம் தன் கொடியாலும் வேராலும் பற்றி நிற்பது இதன் இயல்பு. நம்மவர் வளவுகளிற் பயிராகும் வத்தாளையும் இவ்வடம்பும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த உடன்பிறப்புக்கள் என்பது தாவரநூலார் முடிபு. பூவை ஒப்புநோக்குவார்க்கு அவ்வுறவு எளிதிற் புலனாகும்.

எனினும் வத்தாளை இம்மண்ணின் பழங்குடியன்று. அதன் தாயகம் அமெரிக்கா. தமிழகத்தார் அதனைச் சர்க்கரைவள்ளி என்பது பழைய வள்ளிக்கிழங்கோடு ஒப்புமை கண்டு இட்ட பெயர். 'வத்தாளை' என்னும் ஈழவழக்கோ, 'பத்தாத்தா' என்னும் போர்த்துக்கேயச் சொல்லையும் 'பத்தல' என்னும் சிங்களச் சொல்லையும் நினைவூட்டுகின்றது. போர்த்துக்கேயர் மன்னாரைக் கைக்கொண்டது 1560 ஆம் ஆண்டில் என்பது ஈண்டு நினையத்தக்கது.

சொல்லாராய்ச்சி நிற்க. பல்லாண்டுகளுக்கு முன் எங்கள் வளவிலே யான் வத்தாளை நட்டேன். கொடி மெலிந்து காணவே, யூரியாவைக் கைநிறைய அள்ளித் தூவினேன். இரு கிழமைக்குள் வளவு பசும்பாய் விரித்தாற் போலாயிற்று. அண்டை அயலார் வியந்தனர், யானும் மகிழ்ந்தேன். நான்கு மாதங்கழித்து மண்ணைக் கிளறியபோது கிடைத்தவை விரற்பருமனான வேர்களே. இலக்கணம் கற்பிக்கும் எனக்கு அன்று மண் ஒரு பாடங் கற்பித்தது.

அப்பாடம் இது: நைதரசன் இலையையும் கொடியையும் வளர்ப்பது. அது மிகுந்தால் வத்தாளை தன் ஆற்றலைக் கொடியிற் செலவிட்டுக் கிழங்கை மறந்துவிடும். ஐம்பது கிலோ யூரியாப் பையொன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. அதனை ஒரே முறையிற் சொரிவது குழந்தைக்கு ஒரு மாத உணவை ஒரு நாளில் ஊட்டுவதை ஒக்கும்.

கொடி உண்ணாத மிச்சம் எங்கே போகின்றது? களிமண் நீரையும் உரத்தையும் பிடித்துவைக்கும். மணலோ சல்லடை போன்றது. மாரிமழை பெய்யுந்தோறும் நைதரசன் நைத்திரேற்றாகக் கரைந்து கீழிறங்கி நிலத்தடி நீரோடு கலக்கின்றது. தீவின் மணலுக்கடியில் நன்னீர், உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. நாம் குடிப்பதும் அதுவே. பயிருக்கு இறைப்பதும் அதுவே. தெற்கே, இதே போன்ற மணற்பாங்கான கற்பிட்டியில் 1980களில் நிகழ்ந்த ஆய்வுகள், உரமிகுந்த தோட்டங்களின் கீழுள்ள நீரில் நைத்திரேற்று மலிந்திருத்தலைக் காட்டின. குடிநீர் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றே எல்லையென உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. அதனை மீறிய நீர் கைக்குழந்தைகளின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்து, உடலை நீலம்பாரிக்கச் செய்யக்கூடும்.

ஆயின் யூரியாவை முற்றாக விலக்கிவிடலாமோ? 2021 மே மாதத்தில் நம் நாட்டரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதெனினும், அடுத்த பெரும்போகத்தில் நெல்விளைவு பெரிதுங் குன்றியது. சேதனப் பசளை தீதென்பது இதன் பொருளன்று. ஆண்டுக்கணக்கில் மண்ணிற் சேரவேண்டிய வளத்தை ஆணையொன்றால் ஓரிரவிற் பெறவியலாது என்பதே பொருள்.

இவ்விரு முனைக்கும் நடுவே நம் முன்னோர் கண்ட வழியொன்றுண்டு. யாழ்ப்பாணத்தார் வயலறுத்தபின் மஞ்சட்பூப் பூக்குஞ் சணலை விதைத்து உழுதுவிடுவர். காவிளாயையும் பூவரசங்குழையையும் மண்ணிற் புதைப்பர். சணல், காவிளாய், கௌபி முதலிய அவரையினச் செடிகளின் வேர்ச்சிறுகணுக்களில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பயிர்க்கு உணவாக்குகின்றன. இதனை ஜேர்மானியரான ஹெல்ரீகலும் வில்பார்த்தும் 1880களில் மெய்ப்பித்தனர். ஹேபர், போஷ் என்போர் வழிவந்த பசளைத் தொழிற்சாலை 1913 இல் பெருவெப்பமும் பேரழுத்தமுங் கொண்டு செய்யத் தொடங்கியதை, இச்சிற்றுயிர்கள் ஓசையின்றிச் செய்கின்றன.

ஐப்பசியின் முதல்மழையோடு சணலை விதைத்தால், கொட்டும் மழைக்காலத்தில் மணல் வெறுமையாய்க் கிடவாது. கரைந்தோடும் நைதரசனையும் அதன் வேர் மறித்துக்கொள்ளும். ஏறத்தாழ ஆறு கிழமையில், பூ முற்றுமுன் அதனை மடக்கிப் புதைத்து, இரு கிழமை மக்கவிட்டு, மார்கழியில் வரம்பு கட்டி வத்தாளைக்கொடியை நடலாம். பின்னர்க் கொடியின் நிறம் நோக்கி, குறை காணுமிடத்து மாத்திரம் சிறிது யூரியாவை இருமுறையாகப் பகுத்திடலாம். கிழங்கு பருப்பதற்குச் சாம்பற்சத்தும் வேண்டும். காற்றிலிருந்து அதனைச் சணல் ஈட்டித் தராது. வெப்ப நிலத்தில் மக்கிய குழை விரைவிற் கரைந்துபோமாதலின், ஆண்டுதோறும் இதனைச் செய்தல் வேண்டும். அதற்கு விதைச்செலவும் உழைப்பும் உண்டு என்பதையும் மறைத்தலாகாது.

வள்ளுவர் உழவதிகாரத்தில் ஏருழுதலினும் எருவிடுதல் நன்றென்றார்; நீர் பாய்ச்சுதலினும் காப்பு நன்றென்றார். காப்பு என்பதற்குப் பட்டிமாடு புகாமற் காத்தல் என்றே மாணவர்க்கு உரைத்து வந்தேன். மணல்நிலத்தில் வாழும் நமக்கு அச்சொல் இன்னும் விரிந்து பொருள்தருகின்றது. பயிரை மாட்டினின்றுங் காத்தல்போல, மண்ணை மழையினின்றும், கிணற்றை நம் கையினின்றும் காத்தல் வேண்டும்.

'அடம்பன்கொடியும் திரண்டால் மிடுக்கு' என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒரு வளவிற் சணல் விதைத்தாற் கிணறு தூய்மையாகிவிடாது. அயல்வளவின் நீரும் அடியில் ஒன்றே. ஊர் திரண்டு விதைப்பின் பயனுண்டு. ஆசிரியர்கள் பாடசாலைத் தோட்டத்தில் ஒரு பாத்தியிலேனும் இதனைத் தொடங்குவார்களாக.