ஆட்டிசம் உடைய சிறாரும் கல்வியும்: தில்லியில் ஒரு தொண்டு நிறுவனம்

ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாட்டை லியோ கானர் என்ற மருத்துவர் 1943ஆம் ஆண்டில் பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து விவரித்தார். ஆயினும் நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் அச்சொல் இடம்பெற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. மாற்றுத் திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைக் குறிப்பிட்டது. அவற்றுள் ஆட்டிசம் இல்லை. எனவே சான்றிதழ் வேண்டிய பெற்றோர், குழந்தையை மனவளர்ச்சி குன்றியவர் என்ற பிரிவில் பதிவுசெய்ய நேரிட்டது. அறிவுத்திறனில் குறைவில்லாத குழந்தைக்கு அவ்வழியும் அடைபட்டிருந்தது.

இத்தகைய சூழ்நிலையில்தான், 1991ஆம் ஆண்டில், புது தில்லியில் 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' என்னும் நிறுவனம் தோன்றியது. இதனை நிறுவிய மெரி பருவா, ஆட்டிசம் உடைய ஒரு மகனின் தாயார். தாயின் பாசக் குறைவே இக்குறைபாட்டுக்குக் காரணம் என்று ஒரு காலத்தில் மருத்துவ உலகிலேயே கருதப்பட்டது. அக்கருத்து தவறு எனக் கைவிடப்பட்ட பின்னரும் பழி மட்டும் தாய்மாரை விட்டு அகலவில்லை என்பதை எண்ணும்போது, முன்முயற்சி ஒரு தாயிடமிருந்து வந்தது பொருத்தமே.

1994இல் இந்நிறுவனம் 'ஓப்பன் டோர்' என்ற பள்ளியைத் தொடங்கியது. இத்தகைய பள்ளிகளில் கையாளப்படும் கற்பிக்கும் முறை கருதத்தக்கது. வாய்ச்சொல் காற்றோடு போய்விடும். படமோ கண்முன் நிற்கும். ஆகவே பாடம், உணவு, விளையாட்டு என அன்றைய நிகழ்ச்சிகள் படங்களாக வரிசைப்படுத்தி வைக்கப்படுகின்றன. ஒன்று முடிந்ததும் குழந்தை அப்படத்தை எடுத்துவிடுகிறது. அடுத்து என்ன நேரும் என்ற அச்சம் இதனால் தணிகிறது. பள்ளி மணியின் ஓசையையே தாங்கவியலாது காதைப் பொத்திக்கொள்ளும் சிறுவனை அடம்பிடிப்பவன் என்று தண்டிப்பதில் பயனில்லை; ஓசையைக் குறைப்பதே ஆசிரியரின் கடமை. ஆனால் இதனை அறிந்த ஆசிரியர் போதுமான அளவில் இருந்தாலன்றோ? அது கருதியே ஆசிரியர் பயிற்சியையும், பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து பயிலும் பயிற்சியையும் இந்நிறுவனம் நடத்தி வருகிறது. தில்லி ஜசோலாவில் தேசிய ஆட்டிசம் மையத்தையும் அமைத்துள்ளது.

1999இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளுள் ஒன்றாக இதனைச் சேர்த்தது. நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உடையவர் எனச் சான்று பெற்ற 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. குறைபாட்டை அளவிட, 40 கூறுகள் கொண்ட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் வகுக்கப்பட்டுள்ளது. சான்றிதழ் தரும் அலுவலர் இங்கே கவனமாய் இருத்தல் வேண்டும்: சரளமாகப் பேசும் குழந்தைக்குக் குறையேதும் இல்லை என்று ஒரே பார்வையில் முடிவு செய்தால், உதவி பெறும் உரிமை அங்கேயே நின்றுவிடும்.

பதினெட்டு வயதுக்குப் பின்னர்? பள்ளி உரிமை அவ்வயதோடு முடிகிறது, தேவை முடிவதில்லை. இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிக்கும் பணியையும் இத்தொண்டு நிறுவனம் மேற்கொண்டுள்ளது. சட்டப்படி காப்பாளர் தேவைப்படுவோருக்கு, 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் நிலைக் குழு காப்பாளரை நியமிக்கிறது. தமக்குப் பின் மகனுக்கு யார் என்று கேட்கும் முதிய பெற்றோர் மனுவுடன் வந்து நிற்பது இக்குழுவின் முன்னர்தான்.