உவாரிக்கே: பெருவின் அக்கம்பக்க உணவகம்

தென் அமெரிக்க நாடான பெருவில், விளம்பரம் எதுவுமின்றி அக்கம்பக்கத்தார் வாய்வழியாகவே பெயர் பெற்ற சிறிய உணவகம் 'உவாரிக்கே' எனப்படுகிறது. ஏழெட்டு மேசைகள், பின்னால் ஒரு சிறிய அடுக்களை, வாசலில் அன்றைய உணவுகளை எழுதி வைத்த பலகை. பல கடைகளின் அமைப்பு இவ்வளவுதான். தலைநகர் லிமாவின் 'சென்ட்ரால்' உணவகம் 2023ஆம் ஆண்டு உலகின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியலில் முதலிடம் பெற்றது. அங்கே ஒருவர் ஒரு வேளை உண்ணும் செலவில், சாதாரண உணவகத்தில் இரண்டு மாதத்துக்கு மதிய உணவு உண்ணலாம். பெருவின் சமையலை அறிய விரும்புவோருக்கு இந்தச் சிறிய கடையே நல்ல தொடக்கம்.

மதிய மெனு

இக்கடைகளில் 'மெனு' என்றால் உணவுப் பட்டியல் அன்று. ஒரே விலைக்குக் கிடைக்கும் முழு மதிய உணவுக்கே அப்பெயர். முதலில் சூப்போ, உருளைக்கிழங்கில் செய்த சிறு பண்டமோ வரும். அடுத்து சோற்றுடன் முதன்மை உணவு. கூடவே ஒரு குவளை பானம். பானம் பெரும்பாலும் 'சிச்சா மொராதா'. ஊதா நிறச் சோளத்தை அன்னாசித் தோல், பட்டை, கிராம்புடன் கொதிக்க வைத்து, ஆறியபின் எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்ப்பார்கள். இதில் போதை கிடையாது. திங்கட்கிழமை பலகையில் பருப்பு இருக்கும். அன்று பருப்பு உண்டால் கையில் பணம் தங்கும் என்பது நம்பிக்கை.

மேசையில் இடமில்லாவிட்டால் முன்பின் அறியாதவருடன் அமர்ந்து உண்பது இயல்பு. உள்ளே வருபவரும் வெளியேறுபவரும் உண்பவர்களைப் பார்த்து 'ப்ரொவெச்சோ' என்பார்கள். உண்பது உடலில் ஒட்டட்டும் என்ற பொருளில் சொல்லும் வாழ்த்து அது. சந்தைகளில் இயங்கும் கடைகளில் விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் 'கசேரா', 'கசேரோ' என்று அழைப்பர். பழச்சாறு குடித்து முடித்த வாடிக்கையாளர் 'யாப்பா' கேட்டால் இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். நம்மூர்க் கொசுறுதான் அது.

ஒரு தட்டில் பல நாடுகள்

பலகையில் அடிக்கடி காணப்படும் 'லோமோ சால்தாதோ' மாட்டிறைச்சித் துண்டுகளை வெங்காயம், தக்காளி, சோயா சாறுடன் கடுந்தீயில் வதக்கிச் செய்வது. வறுத்த உருளைக்கிழங்கு, சோறு இரண்டும் ஒரே தட்டில் வரும். கிழங்கு ஆண்டிஸ் மலைக்குச் சொந்தமானது. இரும்புச் சட்டியில் வதக்கும் முறை சீனர்களுடையது. 1849 முதல் 1874 வரை ஏறத்தாழ ஒரு லட்சம் சீனர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டுக் கரும்பு, பருத்தித் தோட்டங்களிலும், உரத்துக்காகப் பறவை எச்சம் வெட்டிய தீவுகளிலும் கடும் துன்பத்தில் உழைத்தனர். ஒப்பந்தம் முடிந்து தப்பிப் பிழைத்தவர்களில் பலர் லிமாவில் சிறு உணவுக்கடை வைத்தனர். இன்று சீன-பெரு உணவகம் 'சீஃபா' எனப்படுகிறது. மற்ற ஸ்பானிய மொழி நாடுகள் இஞ்சியை 'ஹெங்கிப்ரே' என்னும்போது, பெரு மக்கள் கான்டன் சீனத்திலிருந்து வந்த 'கியோன்' என்ற சொல்லைப் பயன்படுத்துகின்றனர்.

செவிச்சே

பச்சை மீன் துண்டுகளை எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகாய், சிவப்பு வெங்காயத்துடன் கலந்த உணவு செவிச்சே. சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சோளமும் உடன் வைப்பார்கள். தட்டில் மிஞ்சும் புளித்த சாற்றுக்கு 'புலிப்பால்' என்று பொருள்படும் பெயர் உண்டு. அதைத் தனியே குவளையில் கேட்டுக் குடிப்பவர்களும் உண்டு. காலையில் பிடித்த மீன் கெடுமுன் உண்ண வேண்டும் என்பதால் இது மதிய உணவாகவே நிலைத்தது. இன்றும் பல செவிச்சே கடைகள் மாலைக்குள் மூடிவிடும்.

எலுமிச்சையின் அமிலம் மீனின் புரதத்தை இறுக்கி, வெந்ததுபோல் வெண்மையாக்குகிறது. ஆனால் அது எல்லாக் கிருமிகளையும் ஒட்டுண்ணிகளையும் கொல்வதில்லை. எனவே புதிய மீனும் சுத்தமான நீரும் இன்றியமையாதவை. 1991ஆம் ஆண்டு பெருவின் கடற்கரை நகரங்களில் தொடங்கிய காலரா, அவ்வாண்டில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. ஏறத்தாழ 2,900 பேர் இறந்தனர். நோய் பரவியதற்கு மாசுபட்ட குடிநீரும் கழிவுநீர் வசதியின்மையும் பெருங்காரணங்கள். ஆனால் மக்களின் அச்சம் பச்சை மீன் மீதே விழுந்தது. மீனவர்களும் சிறு கடைக்காரர்களும் பிழைப்பின்றித் தவித்தனர். அச்சத்தைப் போக்க, அன்றைய அதிபர் ஆல்பெர்த்தோ ஃபுஜிமோரி பொதுமக்கள் காண செவிச்சே உண்டார். நீர்வசதியைச் சீர்செய்வதைவிட அது எளிது.

செவிச்சேயைத் தயாரிப்பதும் உண்பதும் சார்ந்த பெருவின் மரபுகளை யுனெஸ்கோ 2023 டிசம்பரில் மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.