44-க்கு 44 வாங்கிய இல்லம் ஏன் மூடப்பட்டது? ஆஸ்திரேலியாவின் புதிய முதியோர் சட்டம் சொல்வது என்ன?

அடிலெய்டு நகரின் ஓக்டன் பகுதியில் ஒரு முதியோர் மனநல இல்லம் இருந்தது. நடத்தியது தனியார் அல்ல, தெற்கு ஆஸ்திரேலிய மாநில அரசே. டிமென்ஷியா முற்றியவர்கள்தான் அங்கே அதிகம். 2016-ன் தொடக்கத்தில் தர ஆய்வுக்கு வந்தவர்கள் 44 அம்சங்களைச் சரிபார்த்து, 44-லும் 'பாஸ்' போட்டுவிட்டுப் போனார்கள்.

அதே ஆண்டில் ஒரு குடும்பம் புகார் கொடுத்தது. தங்கள் வீட்டுப் பெரியவரின் உடலில் காரணம் தெரியாத காயங்கள். கொடுக்க வேண்டிய மருந்தைப்போல பத்து மடங்கு கொடுக்கப்பட்டதும் தெரியவந்தது. 2017-ல் மாநிலத்தின் தலைமை மனநல மருத்துவர் விசாரித்து அறிக்கை கொடுத்தார். அந்த ஆண்டே இல்லம் மூடப்பட்டது.

அப்படியென்றால் ஆய்வுக்கு வந்தவர்கள் எதைத்தான் பார்த்தார்கள்? அப்போதெல்லாம் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும் ஆய்வு, தேதி சொல்லிவிட்டு நடக்கும். கலெக்டர் வருகிறார் என்றால் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கிற கதைதான். 2018 ஜூலை முதல், சொல்லாமல் வரும் திடீர் ஆய்வாக இது மாறியது. அந்த ஆண்டு செப்டம்பரில், நாடு முழுக்க உள்ள முதியோர் பராமரிப்பை விசாரிக்க ராயல் கமிஷனும் அறிவிக்கப்பட்டது.

கமிஷனுக்கு 10,000-க்கும் அதிகமான மனுக்கள் குவிந்தன. 2019-ல் வந்த இடைக்கால அறிக்கைக்கு 'புறக்கணிப்பு' என்று ஒரே சொல்லில் தலைப்பு வைத்தார்கள். 2021 மார்ச்சில் வெளியான இறுதி அறிக்கையில் 148 பரிந்துரைகள்.

விசாரணையில் பலரையும் உலுக்கிய விஷயம் சாப்பாடு. ஒரு முதியவரின் உணவுப் பொருள்களுக்கு இல்லங்கள் ஒரு நாளைக்குச் சராசரியாகச் செலவிட்டது 6 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 300 ரூபாய். சென்னையில் அது பரவாயில்லையே என்று தோன்றலாம். சிட்னியில் ஒரு காபிக்கே 4 டாலர் ஆகும் காலம் அது. வயதான உடம்பு மெலிந்துபோனால் அதை வயசுக் கோளாறு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், தட்டில் என்ன விழுந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. 2021 ஜூலை முதல், ஒருவருக்கு நாளொன்றுக்கு 10 டாலர் என இல்லங்களுக்குக் கூடுதல் நிதி வந்தது. கூடவே, சாப்பாட்டுச் செலவுக்குக் கணக்கும் காட்ட வேண்டும் என்றார்கள்.

நிமிடக் கணக்கில் பராமரிப்பு

'நல்லா பாத்துக்குவோம்' என்று எல்லா இல்லமும் சொல்லும். ஆஸ்திரேலியா அதை நிமிடங்களாக மாற்றியது. இப்போதைய விதிப்படி, ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 215 நிமிட நேரடிப் பராமரிப்பு கிடைக்க வேண்டும். அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற நர்ஸின் நேரம். இது நாடு தழுவிய சராசரி. படுத்த படுக்கையானவர்கள் அதிகமுள்ள இல்லத்துக்கு இலக்கும் கூடும். 2023 ஜூலை முதல் 24 மணி நேரமும் ஒரு நர்ஸ் இல்லத்தில் இருந்தாக வேண்டும்.

அசம்பாவிதங்களை மூடி மறைக்கவும் முடியாது. அடி, பாலியல் அத்துமீறல், ஊழியர் பணத்தைத் திருடுவது, கவனிக்காமல் விடுவது, எதிர்பாராத மரணம், ஆள் காணாமல்போவது போன்றவற்றைத் தர ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தீவிரமானது என்றால் 24 மணி நேரத்துக்குள், மற்றவை என்றால் 30 நாளுக்குள். கட்டிலோடு கட்டிப்போடுவதும், தொந்தரவு கொடுக்காமல் இருக்கத் தூக்க மாத்திரை கொடுப்பதும் இந்தப் பட்டியலில் வரலாம். உரிய ஒப்புதல் இல்லாமல், வேறு வழி எதையும் முயலாமல் செய்தால் அது விதிமீறல்.

இதற்கெல்லாம் மேலாக, 2025 நவம்பர் 1-ல் புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. முதியவரின் உரிமைகளிலிருந்து தொடங்கும் சட்டம் இது. விரும்பிய மொழியில் பேசும் உரிமையும் அதில் உண்டு. டிமென்ஷியாவில் ஆங்கிலம் மறந்து தமிழ் மட்டுமே மிஞ்சிய ஒருவருக்கு அது சின்ன விஷயமில்லை. கடமை தவறினால் நிறுவனம் மட்டுமல்ல, பொறுப்பிலிருக்கும் நிர்வாகிகளும் அபராதம் கட்ட நேரலாம். கிரிமினல் தண்டனையும் முதலில் மசோதாவில் இருந்தது. எதிர்க்கட்சியுடன் நடந்த பேரத்தில் அது கழன்றுவிட்டது.

சரி, இங்கே?

இந்தியாவில் 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. அது முதன்மையாகப் பேசுவது பிள்ளைகளின் கடமையைப் பற்றி. ஜீவனாம்சம் தராத மகனைத் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம். ஆனால் மாதம் அரை லட்சம் கட்டிச் சேர்க்கும் தனியார் இல்லத்தில் ராத்திரி எத்தனை நர்ஸ் இருக்க வேண்டும் என்பதற்கு அதில் பதில் கிடையாது. முதியோர் இல்லங்களுக்கும், வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளுக்கும் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் கட்டாயமாக்க 2019-ல் திருத்த மசோதா வந்தது. நிறைவேறாமலே காலாவதியாகிவிட்டது.

ஆகவே இப்போதைக்குக் கேள்வி கேட்கும் வேலை குடும்பத்தின் தலையில்தான். பெங்களூரிலோ துபாயிலோ வேலை பார்த்துக்கொண்டு அம்மாவைக் கோவையில் ஒரு இல்லத்தில் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் அறையையும் தோட்டத்தையும் வீடியோ காலில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் போடுகிறார்கள். ராத்திரி ஷிஃப்டில் எத்தனை பேருக்கு ஒரு ஆள், அம்மா விழுந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் போன் வரும், தூக்க மாத்திரையை யார் முடிவுசெய்வார்கள் என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கலாம். சேர்த்த பிறகு, சொல்லாமல் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் போய் நிற்கலாம். பெரியவர்களுக்குக் கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் 14567 என்ற எல்டர்லைன் இலவச எண்ணை, காலை 8 முதல் இரவு 8 வரை அழைக்கலாம்.