105 சுற்று ஓடினால் ஒரு மாரத்தான்

கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் மாரத்தான் ஓட நினைப்பவர் சிறை முற்றத்தை 105 முறை சுற்ற வேண்டும். பாதை சில இடங்களில் மண், சில இடங்களில் கான்கிரீட். நடுவில் அபாய மணி அடித்தால் ஓடுகிறவர்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். நிலைமை சரியான பிறகே எழுந்து ஓடலாம். 2005 முதல் இயங்கும் சிறை ஓட்டக்குழுவான ‘ஆயிரம் மைல் கிளப்’புக்குப் பல ஆண்டுகள் பயிற்சி அளித்த ஃபிராங்க் ரூவோனா ஒரு தன்னார்வலர்.

ஓடினால் தூக்கம் நன்றாக வரும், மனச்சோர்வு குறையும். இவை சிறைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் பொருந்தும். ஆனால், விடுதலையாகிப் போனவர் மறுபடி குற்றத்தில் இறங்காமலிருக்க உடல்வலு மட்டும் போதுமா?

சீர்திருத்தப் பள்ளிகளில் இருந்த 500 பாஸ்டன் சிறுவர்களைப் பற்றி ஹார்வர்ட் ஆய்வாளர்களான குளூக் தம்பதி திரட்டிய ஆவணங்கள், வெகுகாலம் கழித்துப் பல்கலைக்கழகத்தின் நிலவறையிலிருந்து வெளியே வந்தன. ராபர்ட் சாம்ப்சன், ஜான் லாப் என்ற இரு சமூகவியலாளர்கள் அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தச் சிறுவர்கள் 70 வயதை எட்டும்வரையிலான வாழ்க்கையைத் தொகுத்தார்கள். குற்றத்தை விட்டு விலகியவர்களுக்கு நிலையான வேலை, நல்ல மணவாழ்க்கை, ராணுவப் பணி என ஏதோ ஒரு பிடிமானம் வாய்த்திருந்தது. புதிய மனிதர்கள், புதிய அன்றாடம், தன்னை நம்பி ஒருவர் ஒப்படைக்கும் பொறுப்பு: மாற்றம் அந்த வழியில்தான் வந்தது.

சிறை விளையாட்டின் பெரிய பலனும் இங்கேதான் இருக்கிறது. மதிலுக்கு வெளியே இருக்கும் ஒருவர் பயிற்சியாளராக உள்ளே வந்து, சிறைவாசியின் பெயர் சொல்லி ‘இன்று நன்றாக ஓடினாய்’ என்கிறார். சான் குவென்டின் ஓட்டக்காரர் ஒருவர் 2019இல் விடுதலையான சில வாரங்களிலேயே பாஸ்டன் மாரத்தானை 3 மணி 4 நிமிடத்துக்குள் ஓடி முடித்தார்.

இதை வைத்து ஓட்டம் குற்றவாளியைத் திருத்துகிறது என்று சொல்லிவிட முடியாது. தானாக ஓட வருகிறவர் ஏற்கெனவே மாற விரும்புகிறவராக இருக்கலாம். பல சிறைகளில் உடற்பயிற்சிக்கூடம் நன்னடத்தைக்குக் கிடைக்கும் சலுகை. அதனால் அங்கே போகிறவர்களையும் போகாதவர்களையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது நியாயமாகாது. இந்த ஏற்பாட்டில் வேதனையான விஷயம் ஒன்று உண்டு. அடிக்கடி சண்டையில் இறங்குபவருக்குத்தான் விளையாட்டு அதிகம் தேவை. அதை முதலில் இழப்பவரும் அவர்தான். குத்துச்சண்டை சார்ந்த பயிற்சிகளையும் சிறையில் அனுமதிக்கலாம் என்று உளவியலாளர் ரோஸி மீக் 2018இல் பிரிட்டன் நீதித்துறை அமைச்சகத்துக்கு அளித்த அறிக்கையில் பரிந்துரைத்தார். அரசு அதை ஏற்கவில்லை. ஏற்றிருக்க வேண்டும்.

அதே நாட்டின் ஹேவரிக் சிறையில் 2017 நவம்பரில், ஊர்ப் பூங்காக்களில் நடக்கும் ‘பார்க்ரன்’ ஓட்டம் தொடங்கியது. சனிக்கிழமை தோறும் 5 கிலோமீட்டர். சிறைவாசிகளும் ஊழியர்களும் சேர்ந்தே ஓடுகிறார்கள். நேரம் குறிப்பது, பாதையில் நின்று வழிகாட்டுவது போன்ற வேலைகளைச் சிறைவாசிகளும் செய்கிறார்கள். ஓட்டத்தைவிட இந்தப் பொறுப்புகளே முக்கியம் என்று தோன்றுகிறது. விடுதலையானவர் அடுத்த சனிக்கிழமையே தன் ஊர்ப் பூங்காவில் நடக்கும் பார்க்ரனுக்குப் போகலாம். கட்டணம் இல்லை, சிறைக்குள் பதிவு செய்த அதே எண்ணோடு அங்கும் ஓடலாம்.