குளிரில் வாடிய காப்பிக் கன்றுகள்

சென்ற தை மாதத்தில் சிவகாசிப் பக்கத்து அங்கத்தினர் ஒருவர் நம்மிடம் ஒரு மனுவுடன் வந்தார். திண்டுக்கல் மாவட்டம் தாண்டிக்குடி மலையில் அவருக்குச் சிறிது நிலம் உண்டு. ஆடியில் நட்ட காப்பிக் கன்றுகள் குளிரில் பட்டுவிட்டனவென்றும், அவற்றைப் பிடுங்கி மறுநடவு செய்யப் புதுக் கடன் வேண்டுமென்றும் எழுதியிருந்தார். பழைய கடனே பாக்கியிருந்தது. எனவே கையெழுத்திடுமுன் கன்றுகளைப் பார்த்துவர மலையேறினோம்.

பட்டாசையும் தீப்பெட்டியையும் காயவைக்கும் நம் கரிசல் சீமையில் குளிரின் கொடுமையை யார் அறிவார்? விருதுநகர்க் கடைவீதியில் காப்பிக் கொட்டையின் விலையைத்தான் நாம் அறிவோம். 1975 ஜூலையில் பிரேசில் நாட்டுப் பரானா மாநிலத்தில் உறைபனி காப்பித் தோட்டங்களைக் கருக்கியபோது உலகெங்கும் அவ்விலை ஏறியது. கீழ்ப்பழனி மலையில் அத்தகைய உறைபனி இல்லை. இரவுக் குளிரும், அதனைத் தொடர்ந்து வரும் பளிச்சென்ற காலை வெயிலுமே இளங்கன்றை வாட்டுகின்றன. மண் குளிர்ந்தால் வேர் மந்தமாகிறது. உரம் அடியில் கிடந்தும் கன்றுக்கு எட்டுவதில்லை. இலை வெளிறிச் சுருங்கி, ஓரம் கருகுகிறது.

அங்கத்தினரின் கன்றுகளும் அவ்வாறே நின்றன. தண்டை நகத்தால் கீறினோம்; பெரும்பாலானவற்றில் உட்பட்டை பச்சையாயிருந்தது. உயிருள்ள கன்றைப் பிடுங்குவானேன்? மறுநடவு செய்தால் முதற் காய்ப்புக்கு இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமே!

வேர் உண்ணாத வேளையில் இலைவழியே ஊட்டலாம். பத்து லிட்டர் நீருக்கு 50 கிராம் யூரியா என்பது வளர்ந்த செடிக்குரிய அளவு. நலிந்த கன்றுக்கு அதிற் பாதியே போதும். காப்பி இலையின் துளைகள் அடிப்புறத்தில்தான் உள்ளன. ஆதலால் தெளிப்பான் முனையைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடித்தல் வேண்டும். காலையிலோ மாலையிலோ தெளிக்கலாம், நண்பகலில் கூடாது. கருகிய இலை எதையும் ஏற்காது. குருத்து அரும்பும்வரை பொறுத்திருந்து, பின்னர் இரண்டு மூன்று வார இடைவெளியில் தெளிப்பதே முறை.

அண்டைத் தோட்டக்காரர் ஒருவர் அவசரப்பட்டு இருமடங்கு கரைத்து உச்சிவெயிலில் தெளித்து, எஞ்சிய இலையையும் இழந்திருந்தார். யூரியாவில் பையூரெட் என்னும் கலப்பும் சிறிது உண்டு. உரக் கட்டுப்பாட்டு உத்தரவு அதனை 1.5 சதவிகிதம் வரை அனுமதிக்கிறது. நிலத்திலிட்டால் பெரும்பாலும் தெரியாத அக்கலப்பு, இலைநுனியைக் கருக்கவல்லது. ஐயமுள்ளோர் முதலில் நாலைந்து கன்றுகளில் தெளித்துப் பார்க்கலாம்; தாண்டிக்குடியிலுள்ள காப்பி வாரிய ஆராய்ச்சி நிலையத்திலும் விசாரிக்கலாம்.

நிழலின்றி இலையுரம் மட்டும் பயன் தராது. வாழையும் கல்யாண முருங்கையும் ஓங்கும்வரை கன்றுக்குக் கன்று தழைக் குடில் இடுவித்தோம்.

பங்குனியில் கோடைமழைக்குப்பின் மறுபடி சென்றோம். மேட்டுக் கன்றுகள் குருத்து விட்டிருந்தன. குளிர்காற்று தேங்கும் ஓடைப் பள்ளத்தில் நின்றவை மட்டும் பட்டுப்போயிருந்தன. பள்ளத்தில் இனிக் காப்பி வைப்பதில்லையென அங்கத்தினர் ஒப்புக்கொண்டார். போன கன்றுகளின் அளவுக்கு மட்டும் மனுவைத் திருத்தி எழுதிக் கொடுத்தார்.